துணை வேறு, பார்வையாளர் வேறு

மகப்பேறு வார்டைப் பற்றிக் குடும்பத்தினர் எங்களைப் போன்ற மருத்துவர்களிடம் சொல்லும் குறைகளில் இரண்டு அடிக்கடி வருகின்றன. ஒன்று, "உள்ளே ஒருவரையும் விடமாட்டேன் என்கிறார்கள்" என்பது. மற்றொன்று, "உள்ளே இருப்பவர்கள் எரிந்து விழுகிறார்கள்" என்பது. முன்னது விதிமுறை பற்றிய குறை, பின்னது பேச்சுமுறை பற்றிய குறை என்று இவற்றைத் தனித்தனியே வைத்துப் பேசுவதே வழக்கம். ஆனால் பிரசவ வலியில் படுத்திருக்கும் பெண்ணின் நிலையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தெரிந்த முகம் ஒன்றும் அருகில் இல்லை. அருகில் இருப்பவரிடமோ வாய் திறக்க அச்சமாக இருக்கிறது. அந்த நிலையில் அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். பிரசவ அறையில் நாங்கள் மிகவும் அஞ்சுவது அந்த மௌனத்தைத்தான். ஏன் என்பதையும், அதைத் தவிர்க்கக் குடும்பத்தினர் என்ன செய்யலாம் என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு

நம் பாட்டிமார் காலத்தில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில் நடந்தன. தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது இன்றும் தொடரும் வழக்கம். அங்கே மருத்துவச்சி இருப்பார். தாயும் அத்தையும் பிள்ளை பெற்ற பிற பெண்களும் சூழ்ந்திருப்பார்கள். ஒருவர் இடுப்பைத் தேய்த்துவிடுவார், ஒருவர் வெந்நீர் கொடுப்பார். துணைக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் இரத்தப்போக்கும் வலிப்பும் நஞ்சுக்கொடி வெளிவராமல் தங்கிவிடுவதும் நேர்ந்தபோது அவ்வளவு அன்பும் அந்தத் தாயைக் காப்பாற்றப் போதவில்லை.

அதனால்தான் பிரசவம் மருத்துவமனைக்கு வந்தது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடைபெறுகின்றன. இது பெருமைக்குரிய மாற்றம். எண்ணற்ற தாய்மாரின் உயிரை இது காத்திருக்கிறது. ஆயினும் அந்த மாற்றத்தில் ஒன்று வாசலிலேயே நின்றுபோனது. பெண் உள்ளே வந்தாள். அவளுடைய துணை வெளியே மர பெஞ்சில் அமர்த்தப்பட்டது.

அதற்குக் காரணங்கள் இருந்தன. ஒரே கூடத்தில் பல பெண்கள், இடையே திரை கூட இல்லாத கட்டில்கள், தொற்று பற்றிய அச்சம், ஆள் பற்றாக்குறை ஆகியவற்றின் நடுவே, அனைவரையும் வெளியே நிறுத்துவதே எளிய வழியாகத் தோன்றியது. கூட்டத்தைத் தடுப்பதற்காக வந்த விதி, துணையையும் சேர்த்தே தடுத்துவிட்டது.

கடுஞ்சொல் எப்படி ஆபத்தாகிறது

பிரசவ அறைக் கடுமை என்பது எதைக் குறிக்கிறது என்று மழுப்பாமல் சொல்லிவிடுவோம். வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவது, தொடையில் அடிப்பது, 'பிள்ளை வேண்டும் என்றால் வலியையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று ஏளனம் செய்வது, அதைவிட இழிந்த, இங்கே அச்சிட இயலாத சொற்களைச் சொல்வது, சொல்லாமலும் திரை இழுக்காமலும் உள்பரிசோதனை செய்வது, மரத்துப்போக ஊசி போடாமலோ, போட்ட மருந்து வேலை செய்யும்வரை காத்திராமலோ தையல் போடுவது, குழந்தையைக் காட்டுவதற்கு, ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் ஒரு தொகை என்று வெளியே நிற்பவர்களிடம் கேட்பது. இவை ஒரு ஊருக்கோ ஒரு நாட்டுக்கோ உரியவை அல்ல. 2014ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. மருத்துவமனைப் பிரசவங்களில் பெண்கள் அவமதிக்கப்படுவதும் துன்புறுத்தப்படுவதும் உலகெங்கும் நிகழ்கின்றன என்றும், மரியாதையான பேறுகாலக் கவனிப்பு ஒவ்வொரு பெண்ணின் உரிமை என்றும் அது அறிவித்தது.

'அதட்டினால்தான் பிள்ளை சீக்கிரம் பிறக்கும்' என்ற நம்பிக்கை சிலரிடம் இன்னும் இருக்கிறது. உடலியங்கியல் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கருப்பை சுருங்கி விரிந்து குழந்தையை வெளியே தள்ளுவதற்கு ஆக்சிடோசின் என்னும் சுரப்பு தேவை. அச்சம் மிகும்போது உடலில் அட்ரினலின் பெருகுகிறது. அது கருப்பைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடும். வலியின் சீரான போக்கையும் கலைக்கக்கூடும். மூச்சை அடக்கி 'முக்கு, முக்கு' என்று விரட்டுவதைவிட, தானாக முக்க வேண்டும் என்ற உந்துதல் வரும்போது அந்தப் பெண் அதைப் பின்பற்றும்படி ஊக்குவிப்பதையே 2018ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. வயிற்றை மேலிருந்து கையால் அழுத்திக் குழந்தையை வெளியேற்ற முயல்வது கூடாது என்றும் அது கூறுகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. பிரசவத்திற்குப் பின் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் அடைபடும். சுருங்காவிட்டால் சில நிமிடங்களிலேயே நிலைமை கைமீறும். அந்த நிமிடங்களில் முதல் அறிகுறியை உணர்பவள் தாய்தான். 'அடியில் ஈரமாக இருக்கிறது', 'கண்ணை இருட்டுகிறது', 'படபடப்பாக இருக்கிறது' என்று அவளால்தான் சொல்ல முடியும். ஒரு மணி நேரத்திற்கு முன்பு தண்ணீர் கேட்டதற்கே திட்டு வாங்கியவள், இப்போது இதைச் சொல்வாளா? மறுபடியும் திட்டுவார்களோ என்று தயங்குவாள். பிரசவம் என்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள். எந்தக் கருவியும் அந்தத் தயக்கத்தை அளந்து காட்டாது. ஆகவே கனிவான பேச்சை நாங்கள் உபசாரமாகக் கருதுவதில்லை. இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல, நாடி பார்ப்பதைப் போல, அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி.

ஓய்வின்றி இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர், ஒரே நேரத்தில் பல பெண்களைக் கவனிக்க நேர்வதை நாங்கள் அறிவோம். பெரும்பாலான செவிலியர் அந்த நெருக்கடியிலும் பொறுமை இழப்பதில்லை என்பதையும் அறிவோம். வேலைப்பளு கடுமைக்கு விளக்கம் ஆகலாம், நியாயம் ஆகாது. அந்தப் பளுவைக் குறைக்கவும் ஒரு நல்ல துணை உதவும் என்பதே அனுபவம்.

ஒருவர் உடனிருப்பதன் பயன்

1980ஆம் ஆண்டு குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் சோசா, கென்னல், கிளாஸ் ஆகிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் பிரசவத்திற்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், மருத்துவப் பயிற்சி இல்லாத ஒரு பெண் தொடர்ந்து உடனிருந்து கையைப் பிடித்துக்கொண்டும் முதுகைத் தடவிக்கொண்டும் ஆறுதல் சொன்னார். அப்பெண்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை ஆன நேரம், துணையின்றி இருந்தவர்களுக்கு ஆனதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. அதன் பின்னர்ப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. 17 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குபெற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு, தொடர்ந்து துணை பெற்ற பெண்களுக்குச் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவத்தைப் பற்றிய கசப்பான உணர்வும் குறைகிறது என்று கண்டது. இதனால் தீங்கு விளைந்ததாக அதில் தெரியவரவில்லை.

தமிழ்நாடு இதில் முன்னோடி. 2004ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவ நிலையங்களில் உறவுப் பெண் ஒருவர் பிரசவத்தின்போது உடனிருக்க வழி செய்யப்பட்டது. 2016 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் நாடெங்கும் அரசு நிலையங்களில் இதை அனுமதித்தது. 2017 டிசம்பரில் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் பிரசவத் துணையையும் மரியாதையான கவனிப்பையும் வலியுறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளே தேர்ந்தெடுக்கும் ஒரு துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொரோனாக் காலத்திலும் அந்தப் பரிந்துரையை அது விலக்கிக்கொள்ளவில்லை. எனவே, "ஒருவர் உடனிருக்கலாமா?" என்று நீங்கள் கேட்பதைச் சலுகை கேட்பதாக எண்ணித் தயங்க வேண்டாம்.

யாரைத் துணையாக அழைப்பது

இந்தக் கேள்வி சில குடும்பங்களில் சம்பந்திகளுக்கிடையே சிறு போராகவே மாறிவிடுவதைக் காண்கிறோம். பெண்ணின் தாயா, மாமியாரா என்ற வழக்கு பிரசவ அறை வாசலில் தீர்க்கப்பட வேண்டியதன்று. தேர்ந்தெடுக்கும் உரிமை பிரசவிக்கப் போகும் பெண்ணுக்கே உரியது. வளைகாப்பு முடிந்த கையோடு, யாரும் அருகில் இல்லாதபோது அவளிடம் கேளுங்கள். யார் அருகில் இருந்தால் அவளுக்குத் தைரியம் வரும் என்பதே முக்கியம். இரத்தத்தைப் பார்த்தால் மயங்கிவிடும் தாயைவிட, பிள்ளை பெற்ற அக்காளோ அண்ணியோ பொருத்தமாக இருக்கலாம். மாமியாரிடம் மனம்விட்டுப் பேசும் மருமகள்களும் உண்டு.

அரசு வழிகாட்டுதலின்படி துணையாக வருபவர் பெண் உறவினராக இருக்க வேண்டும். ஏற்கெனவே பிரசவித்தவராக இருந்தால் நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது. தூய ஆடை அணிய வேண்டும். முழு நேரமும் உடனிருக்க இசைய வேண்டும். மருத்துவப் பணியில் குறுக்கிடவோ பிற பெண்களைக் கவனிக்கப் போகவோ கூடாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி மறைப்பு உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். பொதுக்கூடமாக உள்ள இடங்களில் கணவர்மாரை அனுமதிக்காததற்குக் காரணம், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மற்றொரு பெண்ணின் மானம். இதைக் கணவர்மார் பெருந்தன்மையுடன் ஏற்க வேண்டுகிறோம். நீங்கள் சேரப்போகும் மருத்துவமனையில் எது வழக்கம் என்பதை எட்டாம் மாதப் பரிசோதனையின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுவை அரங்கத்தினுள் பொதுவாகத் துணைக்கு இடமில்லை. அப்போது வெளியே இருப்பவருக்கு யார் தகவல் சொல்வார் என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

துணை செய்ய வேண்டியவை

துணையாக வருபவர் மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. வலி வரும்போது அடி இடுப்பை அழுத்தித் தேய்த்துவிடலாம். வலிக்கும் வலிக்கும் இடையே ஒரு வாய் நீரோ நீராகாரமோ கொடுக்கலாமா என்று செவிலியரைக் கேட்டுக் கொடுக்கலாம். மருத்துவர் தடுக்காதவரை மெல்ல நடக்கவும் ஒருக்களித்துப் படுக்கவும் உதவலாம். கழிவறைக்கு உடன் செல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று சொல்லலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. வயிற்றை அழுத்துவது, வெளியிலிருந்து கஷாயமோ எண்ணெயோ கொண்டுவந்து கொடுப்பது, கைபேசியில் படம் எடுப்பது, 'எனக்கு இரண்டே மணி நேரத்தில் ஆயிற்று' என்று ஒப்பிடுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முதல் பிரசவத்தில் வலி பல மணி நேரம் நீடிப்பது இயல்பு. வெளியே இருப்பவர்கள் மணிக்கு மணி கேட்டுப் பதற்றத்தை உள்ளே அனுப்புவதும் நல்லதன்று.

துணையின் தலையாய கடமை, அந்தப் பெண் சொல்லத் தயங்குவதைச் சொல்வது. பின்வருவனவற்றில் எதைக் கண்டாலும், நள்ளிரவானாலும், செவிலியர் சற்றுமுன்தான் வந்து சென்றிருந்தாலும், உடனே அழையுங்கள்.

1. ஒரு பெரிய பஞ்சுத்துணி சில நிமிடங்களிலேயே முற்றிலும் நனைந்துவிடுவது. கட்டியாக இரத்தம் வெளியேறுவது.
2. தலைச்சுற்றல், வியர்த்துக் கொட்டுதல், கை கால் சில்லிடுதல், பிதற்றல், மூச்சுத் திணறல்.
3. கடும் தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலி. இவை வலிப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். வீடு திரும்பிய பிறகும் வரலாம்.
4. பிரசவத்திற்கு முன் பனிக்குடநீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வெளியேறுவது. குழந்தையின் அசைவு குறைவது.
5. காய்ச்சல், குளிர் நடுக்கம், துர்நாற்றத்துடன் வெளியேறும் போக்கு.

அழைத்ததற்காக யாரேனும் சலித்துக்கொண்டாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பத்து முறை வீணாக அழைத்தால் நேர்வது பத்து நடை. அழைக்க வேண்டிய ஒரு முறை அழைக்காமல் விட்டால் நேர்வது ஈடுசெய்ய முடியாதது.

பார்வையாளருக்கு ஏன் கட்டுப்பாடு

துணை வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்தும் நாங்களே பார்வை நேரத்தில் கண்டிப்பாக இருக்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே.

1847ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த பிரிவைவிட, மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த பிரிவில் தாய்மார் காய்ச்சல் கண்டு இறப்பது மிகுதியாக இருந்தது. பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த மருத்துவர்களின் கைகளே அதற்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தபின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. அந்தப் பாடம் எங்களுக்கும் உங்களுக்கும் பொது. தாயையும் குழந்தையையும் தொடும் கைகள் குறைவாகவும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். கை கழுவிய ஒரு துணையால் வரும் தொற்றுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. பேருந்தில் வந்து நேரே குழந்தையைத் தூக்கி முத்தமிடும் பத்துப் பேரின் நிலை வேறு. பெரியவர்களுக்கு வெறும் சளியாக வந்து போகும் கிருமி, பச்சிளங்குழந்தைக்கு நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும்.

எனவே சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் வார்டுக்கு வர வேண்டாம். மற்றவர்கள் பார்வை நேரத்தில் ஓரிருவராக வந்து, கை கழுவி, குழந்தையைக் கண்ணால் கண்டு வாழ்த்திவிட்டுச் செல்லலாம். பிறந்த முதல் ஒரு மணி நேரம் குழந்தை தாயின் மார்போடு ஒட்டிக் கிடந்து சீம்பால் குடிக்க வேண்டிய நேரம்; அப்போது உறவினர் கைக்குக் கை மாற்ற வேண்டாம். சேனை தொட்டு வைப்பது, சர்க்கரை நீர் கொடுப்பது ஆகியவற்றையும் கைவிடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகப்பேறு வார்டில் கடுஞ்சொல் செவிலியர் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. 'இரண்டாவதும் பெண்தானா?', 'பால் இல்லையா?', 'கத்தி வைத்துத்தான் எடுத்தார்களா, உன்னால் முக்க முடியவில்லையா?' என்று கேட்பவர்கள் பழங்கூடையுடன் வரும் உறவினர்களே. தூக்கமின்றி, தையல் வலியுடன், பால் கட்டிய மார்போடு இருப்பவளுக்கு அந்தச் சொற்கள் நெடுநாள் ஆறாத புண். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு ஆளாகக்கூடிய பெண்ணை அவை மேலும் தள்ளிவிடும். பார்வை நேரம் முடிந்ததென்று காவலர் மணி அடிக்கும்போது, சில தாய்மார் நிம்மதியாக மூச்சு விடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

குறை இருந்தால்

மரியாதையுடன் நடத்தப்படுவதற்குப் பணமோ சிபாரிசோ தேவையில்லை. பரிசோதனைக்கு முன் 'என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்' என்றும், 'திரையை இழுத்துவிடுங்கள்' என்றும், தையலுக்கு முன் 'மரத்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்' என்றும் நீங்களோ உங்கள் துணையோ கேட்கலாம். அமைதியாகக் கேட்கப்படும் கேள்விக்கு எந்த நல்ல மருத்துவரும் சினம் கொள்ளமாட்டார்.

கடுமையாக நடத்தப்பட்டால், அப்போதே வார்டு பொறுப்புச் செவிலியரிடமோ பணி மருத்துவரிடமோ துணை வழியாகச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையாயின் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். 104 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். நாள், நேரம், நடந்தது என்ன என்பதை மட்டும் சுருக்கமாக எழுதுங்கள். அரசு மருத்துவமனைகளில் 2011 முதல் செயல்படும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, சிசேரியன் உட்படப் பிரசவம் முற்றிலும் இலவசம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். குழந்தையைக் காட்ட யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. புகார் செய்தால் சிகிச்சையில் குறை வைப்பார்களோ என்று அஞ்சினால், வீடு திரும்பிய பிறகு எழுதுங்கள். உங்களுக்கு அது முடிந்துபோன ஒன்றாக இருக்கலாம். அடுத்த கட்டிலுக்கு வரும் பெண்ணுக்கு அது பயன்படும்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, பெண்ணின் மருத்துவக் கையேட்டில் இரத்த வகைக்கு அருகில் அவள் தேர்ந்தெடுத்த துணையின் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.